‘ம’ குத்திய தகடு

பிப்ரவரி 3, செவ்வாய்

வெல்டிங் ராடு ஏஜென்ட் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எழுதுகிற அளவுக்குக் கோபம் வந்துவிட்டது.

யார் இதை எடுத்துப் படித்தாலும் குழப்பம் வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் மரகதமணி. வயது நாற்பத்து மூன்று. அரசூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் பதினாறு வருஷமாகத் தரப் பரிசோதனை என் பொறுப்பு. கல் உடைக்கும் கிரஷரின் தாடைக்குள் மாட்டுகிற பல் தகடுகளை நாங்கள் மாங்கனீஸ் எஃகில் வார்க்கிறோம். ஒவ்வொன்றும் முந்நூறு கிலோ. ஒரு கிரஷருக்கு இரண்டு: ஒன்று அசையாமல் நிற்கும், இன்னொன்று ஆடி ஆடி மெல்லும். நடுவில் விழுகிற பாறை ஜல்லியாகக் கீழே போகும். நான் பார்த்துச் சரி என்று சொன்ன தகட்டின் ஓரத்தில் ‘ம’ என்று ஒரு எழுத்துக் குத்துவேன். சுத்தியலால் அடித்துக் குத்துகிற அந்த எழுத்து அச்சு, பஞ்ச் என்பார்கள், என்னுடையது. லேத் ஆறுமுகத்திடம் சொல்லி நானே செய்து வாங்கியது.

இந்த எஃகுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மெதுவாக ஆறவிட்டால் முறுக்கு மாதிரி உடையும். உலையில் ஆயிரத்து ஐம்பது டிகிரியில் ஊறவைத்து, கதவைத் திறந்த ஒரு நிமிஷத்துக்குள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட வேண்டும். அப்படி இறக்கிவிட்டால் பிறகு எவ்வளவு அடித்தாலும் தாங்கும், அடிபட அடிபட மேல்தோல் இறுகும். எங்கள் ஆட்கள் இதைத் ‘தண்ணி காட்டுறது’ என்பார்கள். பாதிப் பேர் வீட்டில் மாடு இருக்கிறது. தொழுவத்துப் பேச்சு உலைக்கும் வந்துவிட்டது.

இன்று மதியம் கதவைத் திறந்து தூக்கினார்கள். கிரேன் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆறு தகடுகள் அந்தரத்தில் தொங்கின. மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு செங்கல் நிறமாகி, ஓரமெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். நாலு நிமிஷம் பத்து விநாடி கழித்துத்தான் தொட்டிக்குள் இறங்கின.

உலை பார்க்கும் ஆறுக்குட்டி அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“தண்ணி காட்டியாச்சுங்க அம்மிணி. ரிஜிஸ்டர்ல எழுதிக்கலாமுங்களா?”

“இது தண்ணி காட்டுனதுல சேராதுங்கண்ணா. மறுபடியும் உலைக்குப் போகோணும்.”

“நாளைக்கு லாரி வருதுங்க.”

“வரட்டும். நின்னு டீ குடிச்சுட்டுப் போகட்டும்.”

நாலு நிமிஷம் பத்து விநாடி என்று ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதினேன். ‘ம’ குத்தவில்லை.

பிப்ரவரி 4, புதன்

முதலாளி தேவராசன் கூப்பிட்டார். ‘பொம்பளைக்கு ஃபவுண்டரியில என்ன வேலை’ என்று ஊரே கேட்ட காலத்தில் ஹெல்மெட்டை எடுத்து என் கையில் கொடுத்தவர். நான் அதை மறக்கவில்லை. அவரும் மறக்க விடமாட்டார்.

“கூப்பன் பாஸ் ஆயிருச்சாமே மணி. பொறவு என்னம்மா?”

கூப்பன் என்பது அதே உருக்கில் வார்த்த விரல் தடிமன் பட்டை. தகடுகளோடு சேர்ந்தே உலைக்குள் போய், சேர்ந்தே தண்ணீருக்கு வர வேண்டும். பிறகு அதை வளைத்துப் பார்ப்போம். உடையாமல் வளைந்தால் தகடும் நல்ல தகடு என்று கணக்கு.

“கூப்பன் வளைஞ்சுதுங்க சார். தகடு வளையுமான்னு யாருக்குத் தெரியும்?”

“ரூல்ஸ்படி கூப்பன்தானே பார்க்கோணும். போன தடவை நீயே பார்த்துக் கையெழுத்துப் போட்டியே.”

அதற்குப் பிறகு கிரேன் மோட்டாரை மாற்றுவது பற்றிப் பேசினோம்.

லாரி காலியாகத் திரும்பிப் போனது. வாங்குகிறவர்கள் ‘ம’ இல்லாத தகட்டை ஏற்ற மாட்டார்கள். நான் கேட்டு வாங்கிய மரியாதை இல்லை அது, பதினாறு வருஷத்தில் தானாக வந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

ஒன்பது நாள் கழித்துக் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. அண்டா, குடம், இட்லிப் பானை எல்லாம் நிரப்பியாயிற்று. வீட்டுக்காரர் டிபன் டப்பாவிலும் பிடித்து வைத்தார். கேலிக்குத்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காங்கயம் போய் வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கிரஷர் விபத்தில் ஒரு கண்ணை இழந்த செங்கோடனுக்குச் சொட்டு மருந்தும், அவன் பெண்டாட்டி பாப்பாத்திக்கு ஆரஞ்சும் கொண்டு போனேன். புண் ஆறிவிட்டது. இடது கண் குழி மட்டும் இன்னும் பழக்கமாகவில்லை, அவனுக்கும் எனக்கும்.

கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஓர் இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு உடைந்து தெறித்த தகட்டின் மூலைத் துண்டு. அதைத் தூக்கி என் மடியருகே வைத்தான்.

“இதுல பாருங்க, ஓரமா ஒரு ‘ம’ இருக்குது. அது எதுக்குங்க?”

ஏதோ அடையாளமாக இருக்கும் என்றேன். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் காப்பி குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் ஆறுக்குட்டி அண்ணனைத் தனியாகப் பிடித்தேன். கிரேன் நின்ற நாலு நிமிஷத்தில் கூப்பன் எங்கே இருந்தது என்று கேட்டேன். மனிதர் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“இடுக்கியில எடுத்து நானே முக்கிட்டனுங்க. கிரேன் நின்ன உடனே.”

“யார் சொன்னா?”

“யாரு சொல்லோணுங்க? ஆர்டர் நின்னுருமேன்னு கை தானாப் போயிருச்சு.”

“அப்ப கூப்பனுக்கு மட்டும் நேரத்துக்குத் தண்ணி காட்டியிருக்கீங்க. தகட்டுக்குக் காட்டலை.”

“ஆமாங்க.”

“தகட்டுக்குக் காட்டாத தண்ணியக் கிரஷர்காரனுக்குக் காட்டலாம்னு பார்த்தீங்களாக்கும்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “போன ஐப்பசியிலயும் அப்படித்தானுங்க அம்மிணி முக்குனேன். நீங்க பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தீங்க.”

வெயில் ஏறிவிட்டது. தொட்டித் தண்ணீர் இப்போதே முப்பத்தாறு டிகிரி. குளிர்ந்த தண்ணீர் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

முதலாளி என் ‘ம’ பஞ்சைக் கேட்டார். அலமாரியில் வைத்துப் பூட்டுவாராம், கம்பெனிச் சொத்தாம். கம்பெனிப் பெயர் ‘ம’வில் தொடங்குவதில்லையே சார் என்றேன். பக்கத்திலிருந்த மேனேஜர் சூழ்நிலையைச் சரிசெய்வதாக நினைத்து, “மேடமும் நம்ம மாங்கனீஸ் மாதிரிதானுங்க சார். அடிக்க அடிக்க இறுகுவாங்க” என்றார்.

“நேரத்துக்குத் தண்ணி காட்டாட்டி எத்தனை அடிச்சாலும் இறுகாதுங்க. உடைஞ்சுதான் போகும்” என்றேன்.

பஞ்சை இப்போது தயிர்சாத டப்பாவோடு வீட்டுக்கு எடுத்து வருகிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்றைக்குச் சிரித்ததுபோல் சமீபத்தில் சிரிக்கவில்லை. லேத் ஆறுமுகத்தை மிரட்டி இன்னொரு ‘ம’ செய்ய வைத்திருக்கிறார்கள். பஞ்சில் எழுத்தை இடம்வலம் மாற்றி வெட்டினால்தான் தகட்டில் நேராக விழும். முதல் தடவை நான் அவர் பக்கத்தில் நின்று சொன்னேன். இந்தத் தடவை சொல்ல ஆள் இல்லை. பயத்தில் நேராகவே வெட்டிவிட்டார். ஆறு தகட்டிலும் கண்ணாடியில் பார்த்த ‘ம’.

ஆபீசிலிருந்து அனுப்பிய தகட்டுப் போட்டோவைப் பார்த்ததும் வாங்குகிற கம்பெனியிலிருந்து போன் வந்ததாம், உங்கள் ‘ம’ ஏன் திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்று. மார்ச் ஐந்தாம் தேதி இன்ஸ்பெக்டரை நேரில் அனுப்புகிறார்கள். ஆறுமுகம் என் பக்கம் வந்து, “வேணும்னே பண்ணலீங்க்கா” என்றார். வேண்டுமென்றே பண்ணியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

செங்கோடனைக் கோயமுத்தூருக்கு அழைத்து வந்து கண் ஆஸ்பத்திரியில் செயற்கைக் கண் பொருத்திக் கூட்டிப் போனேன். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றான். “பார்க்காத கண்ணு பார்க்கிற கண்ணை விட அழகா இருக்குதுங்க” என்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் பேச்சுக் கொடுத்தான். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிரஷரிலும் அவனை வேலைக்கு எடுப்பதில்லை. ‘இரும்பு போட்டவன்’ என்று பெயராகிவிட்டது. பாறையோடு பொக்லைன் வாளியின் இரும்புப் பல் ஒன்று கழன்று வந்ததாம், அவன் கவனிக்காமல் உள்ளே விட்டதால்தான் தகடு உடைந்ததாம். அப்படித்தான் சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

“மேடையில நின்னு ஒவ்வொரு கல்லையும் பார்த்தனுங்க. வெறுங்கல்லுதானுங்க போச்சு. கண்ணு போனதுகூடப் போச்சாது, விடுங்க. பொய்க்காரன்னு சொல்றாங்களே, அதுதான் தாங்கலை. நீங்க கம்பெனியில ஒரு வார்த்தை சொல்லுங்க.”

முதல் நாள் நான் போனபோது ‘கம்பெனியிலிருந்து வருகிறேன்’ என்றேன். அவன் கிரஷர் கம்பெனி என்று எடுத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. அது பொய் ஆகாது என்று மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மாவு புளித்துப் போய்விட்டது. தூக்கம் சரியில்லை.

மார்ச் 2, திங்கள்

எழுதிவிடுகிறேன். என் டைரியில் நானே ஒளிந்து விளையாடுவது அசிங்கமாக இருக்கிறது.

போன ஐப்பசியில் இதே கிரேன் இதேபோல் நின்றது. அன்றைக்கு மூன்றரை நிமிஷம். ஆறுக்குட்டி அண்ணன் கூப்பனை இடுக்கியில் எடுத்து முக்கியதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம். போனஸ், லாரி, அவசரம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் எனக்குச் சொன்னேன். கூப்பன் வளைந்தது. ஆறு தகட்டுக்கும் ‘ம’ குத்தினேன்.

கார்த்திகையில் காங்கயத்திலிருந்து புகார் வந்தது: தகடு உடைந்து ஓர் ஆளின் கண் போய்விட்டது. பதில் கடிதம் எழுதச் சொன்னார்கள். ‘கல்லுடன் இரும்புப் பொருள் ஏதேனும் சென்றிருக்க வாய்ப்புள்ளது’ என்ற வரியை எழுதியது தேவராசன் இல்லை, மேனேஜர் இல்லை, நான். நல்ல வரியாக அமைந்துவிட்டது என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். அந்த வரிதான் செங்கோடன் வேலையை எடுத்தது, அவன் பெயரையும் எடுத்தது. சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தால் அது தீராது.

மாலையில் பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். ஐப்பசி உருக்கில் வந்த ஆறு தகடுகளில் உடைந்தது ஒன்று. மீதி ஐந்தும் இன்னும் கல்லை மென்றுகொண்டிருக்கின்றன: இரண்டு தாராபுரம் பக்கம், இரண்டு கரூர் பக்கம். ஒன்று செங்கோடன் வேலை பார்த்த அதே கிரஷரில், உடைந்த தகட்டுக்கு எதிரே நின்ற ஜோடி. அதன் முன்னால் இப்போது வேறு யாரோ நிற்கிறார்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இதை வெளியே சொல்லப் போவதையும். அவர் மில்லில் முப்பது வருஷம் யூனியன் பார்த்தவர். “வேலை போகும். அது தெரிஞ்சுதானே கேட்கிறே?” என்றார். கேட்கவில்லை, சொல்கிறேன் என்றேன். “அப்ப சரி. எனக்கு ரெண்டு இட்லி போதும்” என்றார்.

மார்ச் 5, வியாழன்

இன்ஸ்பெக்டர் ஜோதிலிங்கம் வந்தார். அமைதியான மனிதர், எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதிக்கொள்கிறவர். முதலாளி வளைந்த கூப்பனை வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார், நிச்சயதார்த்தத் தட்டு மாதிரி. ஜோதிலிங்கம் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

“கூப்பன் நல்ல கூப்பன்தானுங்க. தகட்டை ஒண்ணு அடிச்சுப் பார்த்துரலாமுங்களா?” என்றேன்.

முதலாளி, “மணி, ஆபீசுக்குப் போ” என்றார். நான் போகவில்லை.

ஸ்கிராப் யார்டில் பழைய வார்ப்புகளை உடைக்க ஒரு குண்டு வைத்திருக்கிறோம். அரை டன். கிரேனில் ஏற்றி மேலிருந்து விடுவோம். நல்ல மாங்கனீஸ் தகட்டின்மேல் அதைப் போட்டால் குழி விழும், உடையாது. எல்லா ஃபவுண்டரிக்காரருக்கும் தெரிந்த விஷயம், அதனால் ஜோதிலிங்கமும் மறுக்கவில்லை. “ஒண்ணுதானே, பார்த்துரலாங்க” என்றார்.

கிரேனை ஓட்ட யாரும் முன்னால் வரவில்லை. ஆறுக்குட்டி அண்ணன் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்ப் பொத்தான் பெட்டியைக் கையில் எடுத்தார். முதலாளி அவரைப் பார்த்தார். அவர் குண்டை மட்டும் பார்த்தார்.

ஒரே அடி. தகடு இரண்டாகப் போனது. உடைந்த முகம் சர்க்கரை மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. திரும்பின ‘ம’ ஒரு பாதியில் இருந்தது.

ஜோதிலிங்கம் இரண்டு தடவை எழுதிக்கொண்டார். முதலாளி என்னிடம், “மீதி அஞ்சையும் மறுபடி உலைக்கு ஏத்து” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். நான் பயந்திருந்தேன், அதையும் எழுதுகிறேன். கடைசிவரை ரிஜிஸ்டரை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

ராத்திரி ஷிப்டில் உலை ஏற்றினார்கள். காலையில் தொட்டிக்கு இரண்டு லாரித் தண்ணீர் புதிதாக விட்டோம். கிரேனுக்குப் புது மோட்டார். கதவைத் திறந்து முப்பத்தைந்து விநாடியில் ஐந்தும் தண்ணீருக்குள் இருந்தன. கூப்பன் தகடுகள் இருந்த தட்டிலேயே கட்டிக் கிடந்தது, யாரும் இடுக்கியைத் தொடவில்லை. தொட்டி பொங்கி எங்கள் எல்லோர் மேலும் தெறித்தது.

“இப்பத் தண்ணி காட்டியாச்சுங்க அம்மிணி” என்றார் ஆறுக்குட்டி அண்ணன்.

திரும்பின எழுத்துகளைக் கிரைண்டரில் தேய்த்துவிட்டு ஐந்து தகட்டிலும் நேரான ‘ம’ குத்தினேன்.

மார்ச் 7, சனி

மூன்று கிரஷருக்கும் மூன்று கடிதம் தட்டினேன். ஐப்பசி உருக்கின் எண், தண்ணீருக்குப் பிந்திய நேரம், கூப்பனைத் தனியாக முக்கியது, அது தெரிந்தே நான் குத்திய ‘ம’, இந்தத் தகடுகளை உடனே கழற்ற வேண்டும் என்பது. காங்கயத்துக் கடிதத்தில் ஒரு பத்தி கூடுதல்: கல்லுடன் இரும்பு எதுவும் போகவில்லை, அப்படி எழுதியது தவறு, எழுதியது நான்.

முதலாளியிடம் முதலில் காட்டினேன். முதுகுக்குப் பின்னால் செய்யப் பிடிக்கவில்லை. வாசித்துவிட்டு மடித்து என் பக்கம் தள்ளினார்.

“நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?”

“ஒரு குறையுமில்லீங்க சார்.”

“அப்பப் போனதை எதுக்குத் தோண்டறே? அஞ்சு தகட்டையும் ஏதாவது சாக்குச் சொல்லி மாத்திக் குடுத்தரலாம். பேர் வெளிய வராது.”

“அந்த ஆளு பேர் வெளிய வந்துருச்சுங்க சார். இரும்பு போட்டவன்னு.”

கம்பெனி லெட்டர்ஹெட் தர மாட்டேன் என்றார். வெள்ளைத் தாள் என்னிடம் இருக்கிறது என்றேன். அப்படியானால் திங்கள்கிழமை வர வேண்டாம் என்றார். அதை எழுதிக் கொடுங்கள், என்ன காரணத்துக்காக என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். பேனாவை எடுத்தார், மூடினார், மேசையில் வைத்தார். எழுதித் தராதவரை திங்கள்கிழமை எட்டு மணிக்கு நான் அங்கே இருப்பேன்.

தாராபுரத்துக்கும் கரூருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன், போனிலும் சொன்னேன். கரூர்க்காரர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு மிஷினை நிறுத்தினார். திட்டுக்கு நான் தகுதியான ஆள்தான். காங்கயத்துக்கும் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. நாளை நேரில் போகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

பையில் கடிதமும் பஞ்சும். சொட்டு மருந்தும் ஆரஞ்சும் வாங்கவில்லை.

செங்கோடன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், பாப்பாத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்த துண்டை எடுத்து அவன் முன்னால் வைத்து, பஞ்சை அந்த ‘ம’வின் மேல் வைத்தேன். அச்சில் பொருந்தி உட்கார்ந்தது.

“ம-ன்னா மரகதமணி. நான்தான். நான் கிரஷர் கம்பெனி ஆளில்லை. இந்தத் தகட்டை வார்த்த கம்பெனி.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், மூன்றரை நிமிஷத்தையும் அந்த நல்ல வரியையும். பாப்பாத்தி கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

“மூணு மாசமா இந்த வூட்டுல காப்பி குடிச்சீங்களே” என்றாள். அழுதேன். அழக்கூடாது என்று நினைத்துப் போனதால்தான் அதிகமாக அழுதேன்.

செங்கோடன் கடிதத்தை என்னிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். ‘இரும்பு எதுவும் போகவில்லை’ என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்த வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னான். மூன்று தடவை வாசித்தேன்.

“இங்க சொன்னாப் பத்தாதுங்க. அங்க வந்து சொல்லோணும்” என்று சட்டையை மாட்டிக்கொண்டான்.

கிரஷர் அரை மணி நடை. ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது. புழுதியில் பத்துப் பன்னிரண்டு பேர். மேடையில் அவன் நின்ற இடத்தில் இன்னொரு ஆள் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரி எங்களைப் பார்த்ததும், “இரும்பு போட்டவன் வந்துட்டான்டா” என்று யாரிடமோ சொன்னது அவர் வாயசைவிலேயே தெரிந்தது. நான் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி இல்லை, என்ன சமாச்சாரம், சத்தமாகச் சொல்லுங்கள் என்று காதருகே கத்தினார். நானும் கத்தினேன். தகடு, தண்ணீர், ஐப்பசி, நிறுத்துங்கள், ஆளைக் கீழே இறக்குங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். மிஷின் சத்தத்தில் ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. கையை ஆட்டிச் சிரித்தார்.

செங்கோடன் யாரிடமும் கேட்கவில்லை. ஸ்விட்ச் போர்டுக்கு நேராக நடந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

தாடை இன்னும் இரண்டு மூன்று தடவை மென்றுவிட்டு நின்றது. மேடையில் இருந்த ஆள் என்னவென்று பார்க்கக் கீழே இறங்கி வந்தார். ஜல்லிக் குவியலில் இருந்தவர்கள், லாரி டிரைவர், டீ கொண்டு வந்த பெண் எல்லோரும் எங்களைப் பார்த்துத் திரும்பினார்கள். மேஸ்திரி கோபமாக வாயைத் திறந்தார். செங்கோடன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

“இப்பச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் கேக்கும்.”

சொன்னேன்.